சிரிக்கிற உப்பளம்

மரக்காணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மூன்று பேர். அவர்களில் புருஷோத்தமன் நான்காவது. இதை அவனே சொல்லிச் சிரிப்பான். ஒரு முகூர்த்தத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி தீர்ந்துபோய், மாப்பிள்ளையை இன்னொரு தரம் கட்டச் சொன்னவன் அவன். மாப்பிள்ளை தங்கமானவர், கட்டத் தயாராகத்தான் இருந்தார். மாமனார்தான் செருப்பைத் தேடினார். இந்தக் கதையை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பான். தன்னைத் தானே முதலில் கிண்டல் செய்துகொண்டால் அடுத்தவனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது என்பது அவன் நம்பிக்கை.

உப்பளப் படம் எடுத்த கதையை மட்டும் அவன் அப்படிச் சொல்லித் திரிவதில்லை.

சுனாமி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நிவாரண வேலைக்கென்று ஓர் அறக்கட்டளை குயிலாப்பாளையத்தில் ஆபீஸ் போட்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த அருள்மொழி ஒருநாள் அவனுடைய ஸ்டுடியோவைத் தேடிக்கொண்டு வந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு குடிதண்ணீர்த் தொட்டி வேண்டும், வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டும். மே மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள்; அவர்களுக்குக் காட்ட நாலு நிமிடப் படம் ஒன்று எடுத்துத் தர வேண்டும். பார்த்து மனம் இரங்கினால் தொட்டியும் கொட்டகையும் வரும். இரங்காவிட்டால் அவர்கள் அடுத்த ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள்.

படம் எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கேமராவோடு போனால் மேஸ்திரி தேசப்பன் உப்பளத்துக்குள் காலை வைக்க விடமாட்டார். விட்டாலும் பெண்கள் முகம் காட்டமாட்டார்கள். எந்த முகம் குறை சொன்னதோ அந்த முகத்துக்கு மறுநாள் வேலை கிடையாது. இதைப் புருஷோத்தமனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய அக்கா அம்சவள்ளி பதினெட்டு வருஷமாக அதே உப்பளத்தில் உப்புக் கூடை தூக்குகிறாள்.

"அப்ப பொம்மைய வச்சி எடுத்துடலாம் மேடம்," என்றான். "பொம்மைய எந்த மேஸ்திரி வேலைய விட்டு நிறுத்துவான்?"

அருள்மொழி சிரித்துவிட்டார். யாராவது சிரித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு புருஷோத்தமனுக்குப் பின்வாங்கத் தெரியாது.

பொம்மையை ஒரு நூல் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு நூல் நகர்த்தி இன்னொரு போட்டோ. ஆயிரக்கணக்கில் எடுத்து வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும். இந்த வித்தையை ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் செய்துகாட்ட, அவன் வாய் பிளந்து பார்த்திருக்கிறான். முதலில் களிமண்ணில் ஆள் செய்தான். மே மாத மரக்காணத்தில், ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு லைட்டையும் போட்டால், களிமண் ஆளுக்கு மயக்கம் வந்து மூன்றாவது போட்டோவிலேயே முழங்கால் மடங்கியது. நிஜ உப்பைக் கொட்டிப் பார்த்தான். அது கடல்காற்றை உறிஞ்சி, போட்டோவுக்குப் போட்டோ உருவம் மாறி, கடைசியில் மேஜைமேல் ஒழுகியது. உப்பு ஊரில் பிறந்தவனுக்கு உப்பைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அப்போதுதான் எக்கியார்குப்பத்தில் சுனாமிக் குடியிருப்பின் பால்வாடி டீச்சர் சகாயமேரி நினைவுக்கு வந்தார். பிள்ளைகளுக்கென்று எந்த நாட்டுக்காரர்களோ அனுப்பிவைத்த பெரிய டப்பா அவரிடம் இருந்தது. ஒன்றின் குமிழில் இன்னொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள்.

"தர்றேன். ஆனா ஒண்ணு உடையக்கூடாது, ஒண்ணு கீறக்கூடாது," என்றார் சகாயமேரி. "சாமான் எல்லாம் போன புள்ளைங்க. இது ஒண்ணுதான் அதுங்களுக்குப் புதுசா வந்தது."

"என் கண்ணுல வச்சிப் பாத்துக்கறேன் டீச்சர்."

"கண்ணுல வேணாம், டப்பாவுலயே வைங்க."

ஸ்டுடியோவில் டப்பாவைக் கவிழ்த்த புருஷோத்தமன் சோறு தின்ன மறந்தான். முப்பத்துநாலு வயது ஆள், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். குமிழ் வைத்த பச்சைப் பலகை ஒன்று கிடைத்தது. ஒரு குமிழ் ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் ஆள் நடக்கும்போது வழுக்காது. ஊடுருவித் தெரியும் நீலச் சில்லுகள் பாத்தியில் நிற்கும் தண்ணீராயின. பொத்தான் அளவு வெள்ளை வட்டங்கள் உப்பு. ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால் அம்பாரம், எந்தக் காற்றுக்கும் கரையாது. கீல் வைத்த துண்டு தடுப்புப் பலகை ஆயிற்று. திறந்தால் தண்ணீர் பாயும். ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கை வளைந்து எதையும் கவ்விக்கொள்ளும். குச்சியைக் கொடுத்தால் உப்பு வாரும் பலகையைப் பிடித்த மாதிரியே நிற்கும். தலை உச்சியில்கூட ஒரு குமிழ். அதில் வட்டத் துண்டை அழுத்தினால் கூடை. சும்மாடு வேண்டாம், எவ்வளவு நடந்தாலும் விழாது. உப்பளத்துக்கென்றே எவனோ அளவெடுத்துச் செய்த பொம்மை என்று தோன்றியது அவனுக்கு.

ஆறு ஆட்கள் இருந்தார்கள். ஆறு பேருக்கும் மஞ்சள் முகம். ஆறு முகத்திலும் ஒரே சிரிப்பு, கறுப்புக் கோட்டில் அச்சடித்தது.

முக்கால்வாசிப் படம் முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளி வந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினான்.

"எப்டிக்கா?"

"நடக்கறது நல்லாத்தான் இருக்குது. இதுங்க ஏன்டா இளிச்சினே இருக்குது?"

"பொம்மைன்னா அப்டித்தான் செய்வான்."

"நாங்க கண்ணு மட்டும் தெரியறாப்புல துணி கட்டினுதானடா நிப்போம்? வெள்ளைல பட்டு அடிக்கற வெயில்ல மூஞ்சி தோலு உரிஞ்சிடும். நீதான் சின்னதுல கஞ்சி எடுத்துனு வருவியே, பாத்ததில்ல? துணியக் கட்டு. இல்லாங்காட்டி அந்தச் சிரிப்பச் சுரண்டிவிடு."

துணி கட்டிப் பார்க்காமல் இல்லை. விரல் படும்போதெல்லாம் துணி கொஞ்சம் அசையும். ஓட்டிப் பார்த்தால் பொம்மையின் முகத்தில் ஈ மொய்ப்பது போலப் படபடக்கும். பசை தடவி ஒட்டலாம், ஆறு தலைக்கும் பொறுமையாக ஒட்டி, முதலிலிருந்து திரும்ப எடுக்கலாம். பத்து நாள் வேலை. பத்து நாள் கையில் இருந்தது.

"புள்ளைங்க சாமான்க்கா," என்றான். "ஒண்ணும் கீற மாட்டேன்னு டீச்சருக்கு வாக்கு குடுத்திருக்கறேன்."

சொல்லும்போது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பசையைத் தண்ணீரில் ஊறவைத்தால் கழன்று வந்துவிடும் என்பது தெரியாதவனா? உண்மை வேறு. அந்த மஞ்சள் முகங்கள் லைட்டில் அவ்வளவு அழகாக மின்னின. இந்தப் படத்தைச் சென்னையில் ஒரு குறும்படப் போட்டிக்கு அனுப்ப அவன் மனசுக்குள் ஏற்கெனவே கவரே எழுதிவிட்டான். மேடையேறிப் பரிசு வாங்கும்போது என்ன ஜோக் சொல்வது என்பதுவரை யோசித்தாயிற்று. துணியால் மூடிய மொட்டைத் தலைகளுக்கு எவன் பரிசு கொடுப்பான்?

"உன் படம்," என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி எழுந்து போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் குயிலாப்பாளையத்தில் அறக்கட்டளை ஹாலின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டிப் படத்தைப் போட்டார்கள். உயரமான ஒரு வெள்ளைக்காரர், நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மா. பின்வரிசையில், வேலைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு வேனில் வந்திருந்த அம்சவள்ளியும் நாலு பெண்களும். உப்பள ஆபீஸ்காரர்கள் கேட்டால் நிவாரணக் கூட்டத்துக்கு வந்ததாகச் சொல்லவேண்டும். படத்தில் இருப்பது தாங்கள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அவ்வளவு பயம் அவர்களுக்கு.

பொம்மைப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கூடை வைத்துக்கொண்டு ஒருத்தி வழுக்கி, சமாளித்து நின்றாள். அந்த இடத்தை அவன் சிரிப்புக்காகவே வைத்திருந்தான். ஹாலில் சிரிப்பு எழுந்தது. காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் இடத்தில் அமைதி வரவேண்டும். அங்கேயும் சிரித்தார்கள். குடத்தைக் கவிழ்க்கிறவள் பல் தெரியாத குறையாக இளித்துக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வார்கள்? கடைசியில் தொட்டியும் கொட்டகையும் துண்டு துண்டாகப் பறந்து வந்து தாமாகவே கூடிக்கொண்டபோது இரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

புருஷோத்தமன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினான். ஒருமுறை வணங்கியிருந்தால் போதும். மூன்று முறை வணங்கினான்.

அந்த அம்மா ஏதோ கேட்டார். அருள்மொழி தமிழில் சொன்னார்: "இந்தப் பெண்கள் இவ்வளவு கஷ்டத்துலயும் எப்பவும் இப்படிச் சந்தோஷமா இருக்காங்களான்னு கேக்கறாங்க."

பதில் சொல்லும் முன் ஒரு விநாடி இருந்தது. அந்த ஒரு விநாடியில் இல்லை என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முன்வரிசை முழுக்க அவனுடைய அடுத்த ஜோக்குக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"உப்பு மேல நின்னா கால் கூசும் மேடம். சிரிப்பு தானா வரும்!"

அருள்மொழி தயங்கி, மொழிபெயர்த்தார். ஹால் அதிர்ந்தது. பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

சுருட்டி முடிப்பதற்குள் அருள்மொழி பக்கத்தில் வந்தார். "படம் ரொம்பப் பிடிச்சிருக்காம் புருஷோத்தமன். ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "இங்க மக்கள் மனசு தெம்பா இருக்குது, தண்ணி இவங்களுக்கு அவசரம் இல்லைன்னு பேசிக்கறாங்க. வேற ஊருக்குத் தையல் மெஷின் குடுக்கலாம்னு இருக்காங்க. சனிக்கிழமை கிளம்பறாங்க."

வெளியே பெண்கள் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒருத்தி, "இன்னா சொன்னாங்க?" என்றாள். "பாக்கலாம்னாங்க," என்றான். அம்சவள்ளி டம்ளரைக் கீழே வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பாடத்தில் பெயில் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

வேனில் யாரும் பேசவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட மௌனத்தில் அவன்தான் முதல் ஜோக்கைப் போடுவான். இன்றைக்குச் சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டினான். பின்சீட்டிலிருந்து அம்சவள்ளி மெதுவாகக் கேட்டாள், "கால் கூசுமாடா புருசு?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.

பெரிய முதலியார்சாவடியில் வேன் ஈ.சி.ஆர். ரோட்டில் திரும்பும் இடத்தில், "நிறுத்துப்பா," என்று இறங்கிக்கொண்டான். வந்த வழியே திரும்பி நடந்தான். பாதி தூரத்தில் ஒரு டி.வி.எஸ்.காரர் ஏற்றிக்கொண்டார். ஆபீஸ் படியேறி, அருள்மொழியின் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"மேடம், நான் சொன்னது பொய்."

"எது?"

"கால் கூசறது. சிரிப்பு. எல்லாம். அந்தச் சிரிப்பு பொம்மை செஞ்ச கம்பெனியோடது மேடம். அவங்க மூஞ்சில துணி கட்டினு வேலை செய்றவங்க. எங்க அக்கா அத மாத்துன்னு சொன்னாங்க. நான்தான் மாத்தல. பாக்க அழகா இருந்துச்சி, அதான்."

அருள்மொழி பேனாவை மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். "அவங்க முன்னாடி சொல்ல வேண்டியதை இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க," என்றார். "நான் எழுதிக் குடுத்தா, நான் கேட்டு வாங்கறதா நினைப்பாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு உப்பளம் சுத்திப் பாக்க அவங்களைக் கூட்டிட்டு வர்றேன். விருந்தாளின்னா மேஸ்திரி உள்ள விடுவாரு. ஆனா யாராவது வாயத் திறந்து சொல்லணும். வேலை செய்றவங்க யாராவது."

"அது வேணாம்னுதான மேடம் பொம்மை வச்சோம்?"

"ஆமா," என்றார் அருள்மொழி. "அதுக்குத்தான் வச்சோம்."

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பாதி சொல்வதற்குள் புரிந்துகொண்டாள். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றான்.

"அதுங்க எதுக்கு? மங்கம்மாவுக்கு வயசுப் பொண்ணு இருக்குது. மத்ததுங்க எல்லாம் கைப்புள்ளக்காரிங்க. நான் பேசறேன்."

"தேசப்பன் பக்கத்துலயே நிப்பான்க்கா."

"நிக்கட்டும். அவனுக்கும் காது இருக்குதா இல்லியான்னு பாப்போம்." முறத்தைத் தட்டினாள். "சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றான். அன்றைக்கு அவன் சொன்ன மூன்றாவது பொய். இதற்கு யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு உப்பளம் கண்ணைக் குத்தியது. தேசப்பன் துவைத்த வேட்டி கட்டி, விருந்தாளிகளுக்கு இளநீர் வெட்டி வைத்திருந்தார். வரப்பின்மேல் குடையோடு அந்த அம்மாவும், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி அந்த உயரமானவரும். புருஷோத்தமன் கேமரா எடுத்துவரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினான். நாலு அடி வைப்பதற்குள் உப்பு விரலிடுக்கில் கீறி, எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. கூசவில்லை.

பெண்கள் அவனைத் தாண்டிக் கூடையோடு போனார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. யாருடைய கண்ணும் அவன் பக்கம் வரவில்லை.

அருள்மொழி, "இவங்க உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்," என்று பொதுவாகச் சொன்னார். நடை நின்றது. எல்லோரும் காலைப் பார்த்தார்கள். அம்சவள்ளி கூடையை இறக்கினாள். முகத்திலிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்புக்கு வந்தாள். கன்னம் இரண்டும் வெடித்து, உதட்டோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இன்னா கேக்கணும்? சந்தோசமா இருக்கறோமான்னா?" வரப்பில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தாள். "வெடியக்காலம் ஆறு மணிக்கு ஊட்ல புடிச்சது. மூணு மணி வரைக்கும் இதான். மொத்தமா குடிச்சிட்டா அப்பறம் இல்ல. அதுக்குன்னு தொண்டை நனையற அளவுக்குத்தான் குடிக்கிறது. போன மாசம் பத்து நாள்ள ரெண்டு பொம்பளைங்க இங்கியே விழுந்தாங்க. தூக்கிப் படுக்க வைக்க நெழல் இல்ல. லாரிக்கு அடில படுக்க வச்சோம். லாரி கெளம்பணும்னு எழுப்பிட்டாங்க. இந்தத் தண்ணியக் கையில தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அருள்மொழி சொல்லச் சொல்ல, அந்த அம்மா கையை நீட்டினார். அம்சவள்ளி உள்ளங்கையில் கொஞ்சமாகச் சாய்த்தாள். கொஞ்சம்தான், விருந்தாளிக்கு என்றாலும் அதற்குமேல் ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. சூடு பட்டு அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பி, பாத்தியில் ஒற்றைக்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்த புருஷோத்தமனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தேசப்பன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். "நல்லாப் பேசற அம்சவள்ளி," என்றார்.

ஜூன் மூன்றாம் வாரம் ரோட்டோரம் பீடம் கட்டி, பெரிய கறுப்புத் தொட்டி வந்து உட்கார்ந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை லாரியில் தண்ணீர். கொட்டகையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கடிதத்தில் இருந்தது. தொட்டி வந்த அன்று மங்கம்மா குழாயில் தலையை நீட்டிக் குடித்ததை ஊரே பார்த்துச் சிரித்தது. பொம்மைகள் எல்லாவற்றையும் துடைத்து, சகாயமேரியிடம் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தான் புருஷோத்தமன். போட்டிக்குப் படம் அனுப்பவில்லை. "கீறல் ஒண்ணுகூட இல்லியே," என்று டீச்சர் மெச்சினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நிற்பதுபோல் ஒரு தண்டனை அவனுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அம்சவள்ளி அந்தத் தொட்டியில் ஒருநாள்கூடக் குடிக்கவில்லை. தொட்டி வருவதற்கு முந்தின வாரமே, "ஆளு போதும், நீ கொஞ்சநாள் ரெஸ்ட் எடு," என்று தேசப்பன் சொல்லிவிட்டார். அவள் இப்போது வடக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு உப்பளத்துக்குப் போகிறாள். அங்கே தொட்டியும் கிடையாது, நிழலும் கிடையாது.

தினமும் பதினோரு மணிக்குப் புருஷோத்தமன் ஸ்டுடியோவைச் சாத்துகிறான். எங்கே போகிறாய் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டால், வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லாமல் வண்டியைக் கிளப்புகிறான். முதல் நாள் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு போனான். அம்சவள்ளி வரப்புக்கு வந்து, துணியை இறக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். முகம் சுளித்தாள்.

"இன்னா கேனுடா இது? எண்ணெ வாசனை அடிக்குது."

"எண்ணெ கேன்தான்க்கா. மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவினேன்."

"நாலாவது தடவையும் கழுவு."

"சரிக்கா."

மீதியை அவள் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். நாலாவது ஆள் கேனைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் அவன் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போனான், அதுவும் போதவில்லை.